நான்காம் எண்

ஓஸ்த்ராவா. பிப்ரவரி. ஜன்னலில் கரி படிந்த பனி.
உருட்டாலையின் அச்சுத்தண்டு
இரண்டு துண்டாக என் மேசைக்கு வந்தது,
பழைய போர்வையில் சுற்றி.

எஃகு மட்டம் என்றார் ஆலைக்காரர்.
எண்ணெயே விடவில்லை என்றார் எஃகு விற்றவர்.
பிறகு இரண்டு பேரும் சேர்ந்து
இரவு ஷிப்ட் ராதிமைக் கைகாட்டினார்கள்.
அவன் தொப்பியைக் கசக்கியபடி
‘சத்தம் வந்தது, அன்றைக்கே சொன்னேன்’ என்றான்.

முறிந்த முகத்தை ஸ்பிரிட்டில் கழுவினேன்.
வளைவு வளைவாக வரிகள்,
அலை விட்டுப்போன மணல் மாதிரி,
கடலே இல்லாத இந்த நாட்டில்.
ஆலை நின்று மறுபடி ஓடிய
ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் ஒன்று.
ஒரு ஓரம் மட்டும் சொரசொரப்பு:
கடைசி நொடியில் கிழிந்தது.

வரிகளைப் பிடித்துப் பின்னால் போனேன்.
குறுகிக் குறுகி
தோள்வளைவில் ஒரு புள்ளியில் முடிந்தன.
சுத்தியால் அடித்துப் பதித்த எண்ணின்
கூர்மூலை.
4.
சோதித்தாயிற்று, சரி, என்று அதற்குப் பொருள்.

பதினோரு வருடம் முன்பு
நான்காம் எண் ஆய்வாளர்
நான்தான்.

அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டம்
இரண்டே அங்குலம்.
அதை நிரப்புமுன்
ராதிமை உள்ளே கூப்பிட்டு
லென்ஸில் கண் வைக்கச் சொன்னேன்.