பன்னிரண்டு ஆரக்கால்

முதலில் சக்கரத்தை எண்ண வேண்டும்.
எண்ணினேன். பன்னிரண்டு ஆரக்கால்.
அதில் ஒன்றை யாரோ ஒருவனின் முழங்கால் மறைக்கிறது,
அதையும் சேர்த்துத்தான்.

பிறகு குழல். கட்டையானது, கழுத்து தடித்தது.
மேலே உருளை எதுவும் இல்லை,
அடியில் மட்டும் தொட்டில் மாதிரி ஒன்று.
கேடயத் தகட்டின் ஓரத்தில்
கல்லோ குண்டுச் சில்லோ பட்ட நெளிவு.
பத்து சென்டிமீட்டர் ஹோவிட்சர்,
பதினான்காம் ஆண்டு மாதிரி, பில்சன் ஆலையில் வார்த்தது.
பென்சிலால் எழுதி அடிக்கோடிட்டேன்.
லுப்லியானாவில் அன்று பனிமழை. நிலவறையில்
வெந்நீர்க் குழாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
இருபது நிமிட வேலை. காப்பி குடிக்கப் போயிருக்கலாம்.

கேட்டு எழுதியவர் வோய்கோ ஸ்கோச்சிர்,
ஸோச்சா ஆற்றங்கரையில் போத்லெஸ்யே கிராமம்,
தேனீ வளர்ப்பவர்.
"சட்டத்துக்குக் கீழே பித்தளைத் தகடு பதிக்கிறேன்.
பீரங்கியின் பெயர் போதும்.
வலக்கோடியில் ரொட்டியோடு நிற்பவர்
என் அம்மாவின் அப்பா, யெர்னெய்."
படத்தின் முதுகில் ஊதா மையில் யாரோ:
1916, எதிரியை நோக்கி.

காப்பி குடிக்கப் போகவில்லை.
குறிபார்ப்பவன் உறுத்தினான்.
இந்த வகையில் அவன் இடப்பக்கம்தான் உட்காருவான்,
குறிகாட்டி அங்கேதான் இருக்கிறது.
இவனோ வலப்பக்கம் குந்தியிருக்கிறான்,
ஏதோ விருந்தில் இடம் மாறி உட்கார்ந்தவன்போல.
உருப்பெருக்கியை நகர்த்தினேன்.
எல்லார் சட்டையிலும் பொத்தான்கள்
என் சட்டையில் இருக்கும் பக்கம்.
குண்டுப் பெட்டியின் மேல் ஓர் ஏழு,
நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கண்ணாடித் தகட்டை எவனோ அவசரத்தில்
கவிழ்த்துப்போட்டு அச்சிட்டிருக்கிறான்.

திருப்பினேன்.
யெர்னெய் இடக்கோடிக்குப் போனார், ரொட்டி கை மாறியது.
அதுவல்ல. மலை மாறியது.
இத்தனை வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது
எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது.
வடக்கே கணவாயைப் பார்த்திருந்த குழல்
இப்போது பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் பார்த்தது.
வரைபடம் விரித்தேன், கவராயம் எடுத்தேன்.
பீரங்கி எட்டு கிலோமீட்டர் எட்டும்.
போத்லெஸ்யே மாதாகோவில் ஆறு.
மாவு ஆலை இன்னும் கொஞ்சம் கிட்டே.

அந்த வருடம் அங்கே இத்தாலியப் படை தங்கியிருந்தது.
ஆகவே முதுகில் எழுதியிருந்ததும் பொய்யில்லை.

பின்னாலிருந்து எடுத்த படம்.
ஐந்து பேர் காமிராவுக்காகத் திரும்பியிருக்கிறார்கள்,
ஒருவன் பல் தெரிய.
யெர்னெய் திரும்பவில்லை.
ஒரு காது, கொஞ்சம் கன்னம்.
ரொட்டியில் ஒரு கடி.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.
முதலாவதில் "வருந்துகிறேன்" என்று இருந்தது,
அதை யார் சார்பில் எழுதினேன் என்று தெரியவில்லை.
கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:
பீரங்கி வகை, ஆண்டு, ஆலை.
படம் இடவலம் மாறி அச்சாகியுள்ளது.
சரியான பிரதி இணைப்பில்.
வரைபடம் வைக்கவில்லை.
அங்கேயே பிறந்தவருக்கு எதற்கு வரைபடம்?

மே மாதம் ஓர் அட்டை வந்தது.
தேன் இந்த வருடம் தாமதம் என்று தொடங்கியது.
லிண்டன் மரம் இன்னும் பூக்கவில்லையாம்.
பிறகு:

"படத்தைத் தூசு தட்டும்போதெல்லாம் அம்மா சொல்வாள்,
மலை தப்பான இடத்தில் நிற்கிறது என்று.
கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று
கோரிட்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.
அறுவை சிகிச்சையும் செய்தோம்.
திரும்பி வந்து பார்த்து, பேசாமல் இருந்தாள்.

தகட்டில் பெயர் மட்டும் பொறித்தாயிற்று.
பீரங்கியின் பெயர் அல்ல."