நிரை முடிவு

நிறுவை மேடைக்குப் புது எந்திரம் வந்த மாதம்
அறுபத்து மூன்று பேரும்
ஒரே ஆளாகிப் போனார்கள்.

பென்டிரைவில் ஏற்றி வந்து ஆபீஸ் கணினியில் திறந்தால்
மாரிக்கண்ணு212சுமார்னோ340தில்பகதூர்298குணவதி105
மூச்சு விடாத ஒற்றை வரி.
சிலிம் ரிவரிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும்
பழைய சாலை மாதிரி
எங்கே இறங்குவதென்று சொல்லாத வரி.

டிராக்டர் ஓட்டும் பக்கிரி ஜன்னலில் எட்டிப் பார்த்து
"எல்லாரையும் ஒரே லோரியில ஏத்திட்டியா?" என்றான்.

ஈப்போவில் இருக்கும் நாகலோசனுக்குப் போன் போட்டேன்.
எதையோ மென்றுகொண்டே சொன்னார்:
"தட்டச்சு அடிச்சிருக்கீங்களாக்கா?
வரி முடிஞ்சா ரெண்டு வேலை.
உருளையைத் தள்ளி முதலுக்குத் திரும்பணும், அது ஒண்ணு.
தாளை ஒரு வரி ஏத்தணும், அது ஒண்ணு.
உங்க கணினிக்கு ரெண்டும் வேணும்.
மேடையில இருக்கறது தாளை மட்டும் ஏத்தும்.
திரும்பறது தானா நடக்கும்னு நெனச்சுக்கும்."

தானாக நடக்கும் என்று நினைப்பது
இந்தத் தோட்டத்தில் எந்திரம் மட்டுமில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன். லைன் அறுந்தது.

நம்பாமல் பிரிண்டருக்கு அனுப்பினேன்,
சம்பளச் சீட்டு அடிக்கும் பழைய ஊசி பிரிண்டர்.
கிர்ரென்று இழுத்து

மாரிக்கண்ணு 212
            சுமார்னோ 340
                        தில் பகதூர் 298
                                    குண

அதற்கு மேல் தாள் இல்லை.
குணவதியின் மீதி ரப்பர் உருளைமேல் விழுந்தது.

செம்பனை அறுக்கிறவர்களும் இப்படித்தான்.
நிரை முடிந்தால் முதல் மரத்துக்கு நடப்பதில்லை,
நின்ற இடத்திலிருந்தே அடுத்த நிரையைப் பிடிப்பார்கள்.
ஆனால் அவர்களாவது முகம் திருப்புவார்கள்.
இது கடைசி மரத்தையும் தாண்டி
வாய்க்காலில் இறங்கிவிடுகிறது.

ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து
ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்தத் 'திரும்பு'வைச் சேர்த்தேன்.
பட்டியல் நெட்டுக்குத்தாக நின்றது.
பெரட்டுக்கு நிற்கிற மாதிரி அழகு.
பாங்குக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் பதில்:
அறுபத்து மூன்று கணக்கும் இல்லை.

பாஸ்புக்கை விரித்து எண் எண்ணாகச் சரிபார்த்தேன்.
எல்லாம் இருந்தது.
நாகலோசன் இந்த முறை எதையும் மெல்லவில்லை.
"பாங்கு எந்திரமும் மேடை எந்திரமும் ஒரே வகையறா.
நீங்க சேர்த்தது கடைசி எண்ணோட ஒட்டியிருக்கு.
உங்க கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

பெர்மிட் இன்னும் வந்து சேராத
இருபத்தேழு பேரின் எண்ணுக்குப் பின்னாலும்
திரும்பு, திரும்பு என்று
என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.
திரையில் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது.
சத்தியமாக.

உரித்தெடுத்து மறுபடி அனுப்பினேன்.
வெள்ளிக்கிழமை மத்தியானம் சம்பளம் ஏறியது.
டவுனில் பணம் எடுக்கும் எந்திரத்துக்கு முன்னால்
கோழிக்கடை வரைக்கும் வரிசை என்றார்கள்.

நாலு மணிக்கு ரஃபீக்குல் வந்து நின்றான்.
தொப்பியைக் கழற்றி,
"காக், காஜி பெலும் மாசுக்."

பட்டியலில் கடைசிப் பெயர் அவனுடையது.
பின்னால் யாரும் இல்லாததால்
மேடை எந்திரம் அவனுக்கு வரி முடிவே போடவில்லை.
நானும் சேர்க்கும்போது கவனிக்கவில்லை, உரிக்கும்போதும் கவனிக்கவில்லை.
முடியாத வரியை பாங்கு வரியென்று எடுத்துக்கொள்ளவில்லை.
அறுபத்திரண்டு என்று எண்ணி
கதவைச் சாத்திக்கொண்டது.

முந்நூற்று அறுபத்தேழு குலை.
இதை எந்த மொழியில் அவனுக்குச் சொல்ல?
நாற்காலியைக் காட்டினேன். பூட்ஸ் முழுக்கச் சேறு,
உட்கார மாட்டேன் என்று தலையாட்டினான்.

அவன் எண்ணுக்குப் பின்னால் கர்சரை நிறுத்தி
எண்டரை ஒரு முறை தட்டினேன்.
திரையில் ஒன்றும் மாறவில்லை.
ஜன்னல் கம்பிக்குள் முகத்தைக் கொடுத்துப் பார்த்திருந்தவன்
"சியாப்?" என்றான்.

திங்கட்கிழமை என்றேன்.