விடிந்தால் சனி

சலவைக் கடைக்கு மேல் மாடி.
ஒரு ஹீட்டர், மூன்று கணினி, நாலு நாற்காலி.
கீழே இயந்திரங்கள் நின்ற பிறகும்
தரைப்பலகையில் சோப்பின் சூடு மிச்சமிருந்தது.
பில்சென் நகரத்தில் ஜனவரி. வெள்ளிக்கிழமை.
அவர்கள் மொழியில் அந்தக் கோளுக்கும்
நாளைய கிழமைக்கும் ஒட்டுறவில்லை.
நம் மொழியில் சொன்னால், விடிந்தால் சனி.

அந்தச் சனியின் நிலா ஒன்றில்
இறங்கிவிட்டிருந்தது ஒரு சிறு கலம்,
பாராசூட்டில் சுற்றிச் சுற்றி
இரண்டரை மணி நேரம்
படம் பிடித்துக்கொண்டே.
பாதிப் படங்கள் வழியிலேயே போயின;
யாரோ ஒரு கட்டளையை எழுத மறந்தார்களாம்.
மீதியை அப்படியே, துடைக்காமல் துலக்காமல்,
ராத்திரி ஊருலகத்துக்கெல்லாம் திறந்துவிட்டார்கள்.
தீப்பெட்டி அளவுச் சாம்பல்கள்.
எது வடக்கு என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

ஹினெக் டிராம் ஓட்டுகிறவன்.
எங்கே பார்த்தாலும் தண்டவாளம் தேடும் கண்.
"ஆறு" என்றான் முதலில்.
"கிளை கிளையாய் வந்து சேருது பார். ஆறேதான்.
அதோ, அது கடற்கரை."
போர்ஷிவோய் நிலம் அளந்தே ஓய்வுபெற்றவர்.
மறுத்துப் பேச வாய் திறந்து
அதே கரையில் ஒரு துறைமுகம் கண்டுபிடித்தார்.
வெள்ளைத் திட்டு ஒன்றைத் தீவு என்றார்;
பத்து நிமிடத்தில் பனிமூட்டம் என்றார்;
காபி வந்ததும் மறுபடி தீவு.

க்வெத்தா பேசவில்லை.
பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப்படம் எடுப்பவள்.
வெண்மூட்டத்துக்குள் ஒரு நிழலைப் பார்த்துவிட்டு
நோயாளியின் முகம் பார்க்காமல்
"டாக்டர் சொல்வார்" என்று சொல்லிப் பழகியவள்.
துண்டோடு துண்டை வைத்துப் பார்த்தாள்.
ஒட்டவில்லை.
இந்தத் துண்டில் இறங்கிய ஆறு
அந்தத் துண்டில் மலையேறியது.
ஒரு மணி வாக்கில், எரிச்சலில்,
வரிசையையே மாற்றிப் போட்டாள்,
வலமாய்ச் சுற்றியதை இடமாய்.
நத்தை ஓட்டுக்குள் நுழைவதுபோல்
கரை கரைக்குள் போய்ச் சேர்ந்தது.
ஹினெக் மேசையைத் தட்டிய தட்டில்
காபி கவிழ்ந்து பலகை இடுக்கில் இறங்கியது.

அதனால்தான் பிளாஷேனா மேலே வந்தாள்.
கடை அவளுடையது. கையில்
யாரோ வீட்டுக் கல்யாண மேசைவிரிப்பு, சொட்டச் சொட்ட.
திட்ட வந்தவள் திரையைப் பார்த்தாள்.
"கடல்" என்றார் போர்ஷிவோய், தான் வெட்டிய மாதிரி.
"கடலா?
ஈரம் இப்படி ஓரம் கட்டாது.
இது காய்ந்த கறை.
வந்திருக்கு, நின்னிருக்கு, போயிருக்கு."
விரிப்பின் மறுமுனையை விளக்கில் பிடித்தாள்:
என்றைக்கோ கொட்டிய ஒயின்,
தீவும் துறைமுகமும் உட்பட.

அங்கே ஓடுவது தண்ணீர் இல்லை, மீத்தேன்
என்று திருத்தப் போன ஹினெக்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கடைசிப் படம் தரையிலிருந்து எடுத்தது.
கற்கள். பனிக்கட்டிதான் அங்கே கல்.
கூர் மழுங்கி, உருண்டு,
நேற்றுத்தான் யாரோ கைவிட்டுப் போன மாதிரி.
எவ்வளவு தூரம் உருண்டிருக்கும் என்று கேட்டார்கள்.
அது பிளாஷேனாவுக்கும் தெரியவில்லை.
அவள் போய்த் துணியை ஊறவைத்தாள்.

ஒட்டிய படத்தின் நடுவில் ஒரு பொத்தல்.
பக்கத்து நிலத்தைக் கொஞ்சம் நகலெடுத்து
அடைத்துவிடலாம், கண்ணுக்கு நிறைவாயிருக்கும்
என்றார் போர்ஷிவோய்.
"அடைச்ச இடத்துலதான் கட்டி இருக்கும்"
என்றாள் க்வெத்தா.
அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.
பொத்தல் பொத்தலாகவே நின்றது.

நாலே முக்காலுக்கு முதல் டிராம்.
கண்ணாடி முழுக்க ஹினெக்கின் மூச்சு.
சட்டைக் கையால் துடைத்த வட்டத்தில்
ஈரத் தண்டவாளம், அதற்கும் அப்பால்
மஞ்சளாய் ஏதோ ஒன்று:
தெருவிளக்காக இருக்கலாம்,
எதிரே வரும் வண்டியாக இருக்கலாம்.
மணியை ஒரு தடவை அடித்துவிட்டு
மெதுவாக எடுத்தான்.