சாம்பிள்

தை மாதம், வாடை முறிந்த கிழமை
செம்மலைக் கரையிலிருந்து
எமிலியான் வலைக்குப் பதிலாக
ஒரு சாம்பல் கட்டியைத் தோளில் சுமந்து வந்தார்.
மாட்டுச் சாணமும் பழைய புகையிலையும்
மழையில் ஊறிய கோயில் கதவும்
ஒன்றாய் நாறின.

மிதிவெடிப் பலகை கழற்றி எத்தனை வருசம்,
இன்னும் எது ஒதுங்கினாலும்
தள்ளி நின்று பார்க்கிற ஆக்கள் நாங்கள்.
இவர் தொட்டுத் தூக்கியிருந்தார்.
முதலில் அதுக்குத்தான் பேசினேன்.

"திமிங்கிலத்தின்ர குடலுக்குள்ள விளைஞ்சது.
சென்ட் செய்யிறவங்கள் தேடித் திரியிற சாமான்."

ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் தெரியுமாம்.
பட்டன் தைக்கிற ஊசியைக்
குப்பி விளக்கில் சிவக்கக் காட்டிக் குத்தினேன்.
கறுப்பாய் உருகி
நூலாய் இழுபட்டது.
பிறகு ஒரு மணம்.
தலை முழுகிய குழந்தையின் உச்சி.
கிட்டத்தட்ட.

இறால் தராசில் நாலு கிலோ.
அன்றிரவு அவர் கணக்குப் பார்த்தார்:
எஞ்சின் கடன்,
நுண்கடன்காரி வருகிற செவ்வாய்க்கிழமைகள்.
நான் கணக்குப் பார்க்கவில்லை.
ஓவர்லாக் மிசின் ஒன்றின் விலையை
நினைத்துக்கொண்டு மட்டும் படுத்தேன்.

வெள்ளை வானில் வந்தார்கள்.
வெள்ளை வான் என்றால் இன்னும்
எங்கட நாய்கூட எழும்பி நிற்கும்.
இது வேற வான்.
கண்ணாடி போட்ட ஒருவர், பெயர் சொல்லவில்லை,
பிளேட்டால் சுரண்டிப் பொலித்தீனில் போட்டார்.
சாம்பிள்.
கொழும்பில் சோதிக்க வேண்டுமாம்.

அடுத்த கிழமை புத்தளத்துக்கு ஒரு சாம்பிள்.
பிறகு டுபாய்க்கு.
இழுப்பு வருத்தத்துக்கென்று
பக்கத்து வளவுச் செபஸ்ரி நகமளவு.
சித்த வைத்தியர் "ஓர்க்கோலை, ஓர்க்கோலை" என்று
பழைய பேர் சொல்லிக் கண்ணில் ஒற்றி
ஒரு உள்ளங்கை நிறைய.
இது சட்டப்படி வைத்திருக்கக் கூடாத பொருள்
என்று சொல்ல வந்த ஆளும்
சாம்பிள் எடுத்துக்கொண்டுதான் போனார்.

மாசியில் கட்டி தேங்காயளவு.
பங்குனியில் தேசிக்காய்.
பெரிய வெள்ளிக்கு முதல்நாள்
பொலித்தீனுக்குள் மிஞ்சிக் கிடந்தது
கறுப்பாய் வளைந்த ஒரு சொண்டு.
கணவாய்ச் சொண்டு.
அவ்வளவு பெரிய வயிற்றாலும் செமிக்க முடியாதது.
அது குத்தாமல் இருக்கத்தான்
அந்தப் பிராணி
வருசக்கணக்காய் இதைப் பூசிப் பூசி வைத்திருக்கிறது.
சொண்டுக்கு யாரும் சாம்பிள் கேட்கவில்லை.
நூல் பெட்டியில் போட்டேன்.

எமிலியான் எஞ்சினைக் கழற்றினார், பூட்டினார்,
கழற்றினார்.
போன் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தது.

ஐப்பசியில் பெனிலின் பள்ளிக்கூடச் சேட்டுக்குக்
கொலர்ப் பட்டன் அறுந்தது.
கைக்கு அகப்பட்டது அதே ஊசி,
குத்திய நாளிலிருந்து துடைக்காமல் கிடந்தது.
அவசரத்தில் தைத்து அனுப்பிவிட்டேன்.

மழை தூறினால் வகுப்பு முழுக்க மணக்குதாம்.
ரீச்சர் கிட்டக் கூப்பிட்டுக்
குனிந்து மணந்து பார்த்துக் கேட்டாவாம்,
வீட்டில என்ன சோப் போடுறவை?

பெடியன் கொஞ்சநேரம் யோசித்திருக்கிறான்.
"சண்லைட்" என்றிருக்கிறான்.