நூற்றறுபது எழுத்துகளுக்குள்

என் பெயரின் கடைசி எழுத்துக்குத்
தலையில் ஒரு புள்ளி உண்டு.
ஞானஸ்நானப் பதிவேட்டில் பாதிரியார்
பேனாவை மறுபடி மையில் தொட்டு வைத்த புள்ளி.
முகவரியில் அதற்கு இடமில்லை என்கிறது திரை.
கெஞ்சலாம், யாரிடம்?
எடுத்துவிட்டேன்.
மொட்டைத் தலையோடு நிற்கிறாள் டாங்குவோலே
கிளைப்பேடா துறைமுகத்தின் பனிக்காற்றில்.

நடைவழி முழுக்க அட்டைப்பெட்டிகள்.
முந்நூறு பிரதி அச்சிட்டேன், என் ஓய்வூதியத்தில்.
'தொண்ணூறு பேருக்குச் சூப்'.
கழிவறைக்குப் போக
ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கிறது,
கப்பலில் நடந்த மாதிரியே.
தளம் ஒன்று இருந்தால் விற்றுவிடும் என்றான் அச்சகக்காரன்,
பணத்தை எண்ணிக்கொண்டே.

கடல்நிற வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்தேன்.
உள்ளே ஏற்கெனவே ஒருத்தி குடியிருந்தாள்:
வெள்ளைப் பல், கையில் காபி,
காலடியில் லத்தீனில் நான்கு பத்தி.
சிறுவயதுப் பூசையின் வாசம் அடித்தது.
வேதத்தை அழிப்பது பாவமென்று
இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன்.
மேல்மாடி மருந்துக்கடைக்காரி ஔஸ்தேயா
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்:
"அர்த்தமே கிடையாது, சும்மா இடம் நிரப்ப."
போகட்டும்.
அர்த்தமில்லாத வாசகங்களின் கீழே நின்று
நாங்கள் கைதட்டாத காலமா?

படம் ஏற்றினேன்.
கப்பல் வாலை ஊன்றி
செங்குத்தாக நிற்கிறது.
திருப்பினால் தலைகீழாகிறது.
இன்னும் திருப்பினால் மறுபக்கம் நிற்கிறது.
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது.
வாசகர்களும் சாய்க்கட்டும்.

பிறகு அது கேட்டது, நான் மனிதப்பிறவிதானா என்று.
படகுகள் உள்ள கட்டங்களைத் தொடச் சொன்னது.
ஐந்தாவதில் இருந்தது படகல்ல, தூர்வாரும் மிதவை.
தொடவில்லை.
தவறு என்றது.
இருபத்திரண்டு வருடம் நீரில் கிடந்தவளிடம்
தவறு என்றது!
மூன்றாம் முறை மிதவையையும் படகென்று ஒப்புக்கொண்டேன்.
மனிதர்தான் என்றது உடனே.

கடைசியாக ஒரு சின்னப் பெட்டி.
தேடுகிறவர் கண்ணில் முதலில் படும் வரி,
நூற்றறுபது எழுத்துகளுக்குள்.

'கடலில் கழிந்த ஒரு பெண்ணின் வாழ்வு, அடுப்பும் அலையும்...'
சிவப்பில் எண் ஓடியது, நாற்பத்தேழு அதிகம்.
அடுப்பை எடுத்தேன். அலையை எடுத்தேன்.
மௌரித்தானியக் கரையோரம் கானாங்கெளுத்தி மலைமலையாய் விழுந்த
அந்த ஆடியை எடுத்தேன்.
மாலுமிகளின் நகைச்சுவை,
தளபதியின் வயிற்றுப்புண்,
எடுத்தேன், எடுத்தேன்,
மீனைச் செதில் நீக்குகிறவள்
எலும்புவரை போய்விட்டதுபோல.

மிஞ்சிய வெற்றிடத்தில் விரல்கள்
என்னைக் கேட்காமல் அடித்தன:

'பிப்ரவரி இரவு. கழிவு வாளியைக் கொட்டிவர
வைதோதாஸை மேல்தளத்துக்கு அனுப்பினேன்.
வாளி திரும்பவில்லை. அவனும்.
பத்தொன்பது வயது.'

எண் பச்சையாகியது.
சரியான நீளம் என்றது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அவன் இல்லை.
நூற்றெண்பத்தெட்டில் புயல் இருக்கிறது,
நன்றாகவே எழுதியிருக்கிறேன் புயலை,
ஔஸ்தேயாகூட மெச்சினாள்.
உள்ளூர் விசாரணையில் சொன்னதைத்தான்
அங்கேயும் சொல்லியிருந்தேன்:
அலை உயரம், காற்றின் வேகம்.
வாளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இன்னும் பதினொரு எழுத்து மிச்சம்.
அவன் அம்மா பலாங்காவில் இருந்தாள்.
இப்போது இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும்,
இணையம் பார்க்கிற வயதில்லை.
பேரன் பேத்திகள் பார்ப்பார்கள்.

'வெளியிடு' என்ற பொத்தான் நீலமாக இருக்கிறது.
சுட்டியை அதன்மேல் வைத்தால் கை முளைக்கிறது,
ஒற்றை விரல் நீட்டிய சின்ன வெள்ளைக் கை.

அடுப்பில் சூப் கொதிக்கிறது.
ஒரு ஆளுக்குத்தான்,
ஆனாலும் அளவு தெரியாமல்
பெரிய பானையில்.