இரண்டு பொத்தான்கள்

குத்தாயிசியில் ஈரப்பனி விழும் இரவு.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
கட்டைவிரல் நீளத்தில் ஒரு கருவி,
நாளை கையெழுத்தாகவேண்டிய விவாகரத்துத் தாள்.

'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை'
என்கிறது உலாவி.
வக்தாங் உருவுகிறான், செருகுகிறான், ஊதிச் செருகுகிறான்.
அதே வரி.

"அந்தக் கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்தும்.
சேதி கடத்தாது."
கட்டி முடித்த பெட்டியைத் திறந்து
காலுறைகளுக்கு அடியிலிருந்து
தன்னுடையதை நீட்டுகிறாள் மக்வாலா.

சின்னத் திரை விழிக்கிறது.
இணைய அனுமதிக்கவா? ஆம்.
ரகசிய எண் அவனுக்கு மறந்துவிட்டது;
முதல் வாடகை வீட்டுத் தொலைபேசியின்
கடைசி நாலு இலக்கம்,
அவள் சொல்கிறாள்.

பாதிக் காசு அவளுக்கு.
முகவரியை எழுத்தெழுத்தாய் அவள் வாசிக்க
விரல் வைத்துச் சரிபார்க்கிறான்.
அவள் பேசி இத்தனை கவனமாய்
அவன் கேட்டதே இல்லை.

ஒப்புதலுக்கு இரு பொத்தானும் ஒருசேர.
அவன் கை நடுங்குகிறது.
இடது அவன், வலது அவள்.
"ஒண்ணு, ரெண்டு..."
முந்திவிட்டான்.
"எப்பவும் இப்படித்தான்," சிரித்துவிட்டாள்.
மறுபடி.

போனது.

பெட்டியை மூடும்போது
கேபிளுக்கு இடமில்லை என்றாள்.