கோப்பித் துளி

பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கிறது:
கோகிலவாணியின் பேபி. ஆண். 970.

பெயர் வைக்கவில்லை.
வைத்தால் கூப்பிட வேண்டிவரும்,
கூப்பிட்டால் அவன் திரும்ப வேண்டும்.
இப்போதைக்கு மூச்சு விட்டால் போதும்.
கொழுந்து குறைந்தால் எங்களுக்கு அரைப்பேர் போடுவார்கள்;
இவனுக்கு அந்த அரைப்பேரும் இல்லை.

பதுளை பெரியாஸ்பத்திரித் தராசில்
துணியின் பாரத்தைக் கழித்துத்தான் எழுதுகிறார்கள்.
கழிப்பது எனக்குப் பழக்கம்.
கழித்தது எவ்வளவு என்று காட்டியது
இங்கேதான்.

மூச்சை மறந்துவிடுகிறான்.
இருபத்தெட்டாம் வாரத்தில் வந்துவிட்டானாம்,
மூளை இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லையாம்.
இருபது விநாடி நெஞ்சு அசையாது,
உதடு நாவற்பழமாகும்,
மெஷின் கத்தும்.
செவ்வந்தி மிஸ் ஓடி வருவதில்லை. நடந்துதான் வருவாள்.
வட்டக் கதவுக்குள் கையை விட்டு
உள்ளங்காலில் ஒரு சுண்டு.
நல்ல தூக்கத்தில் யாரோ கதவைத் தட்டினதுபோல
எரிச்சலோடு மூச்சை எடுப்பான்.

பதினோராம் நாள் புது மருந்து எழுதினார் டொக்டர்.
“கஃபீன்,” என்றாள் மிஸ்,
தனக்குத் தெரிந்த தமிழைத் தேடியெடுத்து:
“கோப்பி, தங்கச்சி. கோப்பியில இருக்கிற சாமான்.
தேத்தண்ணியிலயும் இருக்கு.
பேபிக்கு நித்திரை கூட. எழுப்பத்தான்.”

சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

கோப்பி செத்த மலையில்தான்
தேயிலை நட்டார்களாம், புத்தகத்தில் படித்தது.
எங்கள் பீலிக்கரையில் தப்பிப் பிழைத்த செடி இரண்டு நிற்கிறது.
யாரும் பறிப்பதில்லை,
பூத்தால் மட்டும் கொஞ்சம் நின்று போவோம்.
அந்தச் சாமான்
அரை மில்லியாகக் குழாயில் இறங்குகிறது
என் மகனுக்குள்.

பனி விலகுமுன் வெறுந்தேத்தண்ணி
ஒரு கோப்பை ஊற்றாமல்
என் கால் மலையேறினதில்லை.
ஆறு மாதம் அவனும் குடித்திருப்பான்.
“பழகின வாய்தான் மிஸ்,” என்றேன்.
அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை, தலையாட்டினாள்.

இரவு பன்னிரண்டுக்கு அவர் கோல் எடுப்பார்,
கொழும்பில் கொத்து ரொட்டிக் கடை,
பின்னால் தகடு கொட்டும் சத்தம்.
“எவ்வளவு?”
“தொளாயிரத்தி எண்பத்தஞ்சு.”
“நேத்தைக்கு?”
“பதினஞ்சு கூட.”
“பதினஞ்சு கிராம்னா எவ்வளவு இருக்கும் வாணி?”
கையை விரித்துப் பார்த்தேன்.
ஒரு பிடிக் கொழுந்துகூட இருக்காது.
“நெறைய இருக்கும்,” என்றேன்.

மூன்று மணிக்கு ஒருதரம் பால்.
கிள்ளிக் கறுத்த விரலால்தான்
பீய்ச்சி எடுக்கிறேன், சொட்டுச் சொட்டாக.
வெலிமடை ஃபஸ்மினாவின் பெட்டியை
செவ்வாய்க்கிழமை விடியற்காலை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஆறு மணிக்கு அவள் பால் எடுக்கும் அறைக்கு வந்தாள்.
யாரும் கேட்கவில்லை.
நெஞ்சு கட்டி வலிக்குது என்றாள்.
உட்கார்ந்தாள். கோப்பை நிறைய எடுத்தாள்.
எடுத்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.
நான் நகர்ந்து இடம் விட்டேன்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்றிரவு மருந்தையும் மீறி மறந்தான்.
மெஷின் கத்துகிறது,
மிஸ்ஸின் இரண்டு கையும் வேறொரு பிள்ளையின் தொண்டைக்குள்.
கண்ணாடிகளுக்கு அப்பாலிருந்து
முகவாயை மட்டும் அசைத்தாள்: நீயே.

கையை விட்டேன்.
என் கட்டைவிரலைவிடச் சின்னப் பாதம்,
கோடுகூட விழாதது.
முதல் சுண்டு தொட்டதுபோலவே இல்லை.
“டேய்,” என்றேன்.
சுண்டினேன்.

காலை இழுத்துக்கொண்டான். நெஞ்சு ஏறியது.
முகத்தில் அப்படியொரு கோபம்.

மிஸ் பிறகு வந்து
கொப்பியில் நேரம் எழுதினாள், இரண்டு நாற்பது.
பக்கத்தில் உருண்டை எழுத்தில் இன்னொரு சொல்.
எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்டேன்.
யார் எழுப்பியது என்று போட வேண்டுமாம்.
“அம்மா,” என்றாள்.
அவர்களுக்கும் அதே சொல்தான்.

மணி மூன்றாகப் போகிறது.
கோப்பையைக் கழுவ வேண்டும்.